மாவட்டக் கணக்கில் வந்தவர்கள்

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வெளியாகும் வாரத்தில் கிளிநொச்சிப் பக்கம் வேலை செய்கிற எந்த வைத்தியரின் கைபேசியும் ஓயாது. அழைப்பவர்களுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. "டொக்டர், பிள்ளைக்கு இவ்வளவு இசற் புள்ளி. மாவட்டத்திலை இத்தனையாம் இடம். மெடிசின் கிடைக்குமோ?" என்பார்கள். போன வருடத்து வெட்டுப்புள்ளியைச் சொல்லி, இந்த வருடம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்பேன். அது அவர்களுக்குப் போதாது. 'கிடைக்கும்' என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் அழைத்திருப்பார்கள். கிடைத்த பிறகு உள்ளே ஐந்து வருடம் என்ன நடக்கும், அதற்கும் பிறகு என்ன என்று இதுவரை ஒரு தகப்பனும் கேட்டதில்லை. பிள்ளைகள் கேட்பார்கள், அதுவும் தகப்பன் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் மருத்துவ பீடத்துக்குள் போக நேர்முகப் பரீட்சை கிடையாது. லண்டனில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் விண்ணப்பித்தபோது, ஏன் வைத்தியராக விரும்புகிறாய் என்று எழுதிக் கொடுத்து, யூகேட் என்றொரு தனிப் பரீட்சையும் எழுதி, பிறகு நேர்முகத்துக்கும் போனாள். கனடாவில் பெரும்பாலானவர்கள் ஒரு பட்டத்தை முடித்துவிட்டுத்தான் மருத்துவத்துக்கே விண்ணப்பிக்கிறார்கள். எங்களுக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும்தான் வாசல். ஏன் வைத்தியராக விரும்புகிறாய் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எங்களில் பாதிப் பேர் "அம்மா சொன்னவ" என்றுதான் சொல்லியிருப்போம்.

மூன்று பாடங்களிலும் எடுத்த புள்ளிகளை அப்படியே கூட்டுவதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் நாட்டின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, வருகிற மூன்று எண்களின் சராசரியை எடுக்கிறார்கள். அதுதான் இசற் புள்ளி. பௌதிகவியல் வினாத்தாள் கடினமாக வந்த வருடத்தில் அதை நன்றாகச் செய்தவனுக்கு அந்தக் கடினத்துக்கும் சேர்த்துக் கூலி கிடைக்கும் என்பது இதன் நியாயம். 2011இல் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகப் போட்டுக் கணித்ததால், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் இரண்டையும் வேறுவேறாகக் கணிக்க வேண்டி வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கென்று மூன்று தடவைதான் எழுதலாம்.

இடங்களைப் பிரிக்கிற முறையைப் பிள்ளைகள் சரியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நூற்றுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கு. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதத்தில். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. வன்னியின் மாவட்டங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவின் சனத்தொகை சுமார் 92 ஆயிரம், கிளிநொச்சியினது 1 இலட்சத்து 13 ஆயிரம், வவுனியாவினது 1 இலட்சத்து 72 ஆயிரம். நாட்டின் தொகை 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். ஆயிரம் இடங்களைச் சனத்தொகைப்படி பிரித்தால் முல்லைத்தீவுக்கு நாலைந்து, கிளிநொச்சிக்கு ஐந்தாறு, வவுனியாவுக்கு எட்டொன்பது. சலுகை, சலுகை என்று ஊர் பேசுகிறதே, அதன் அளவு இவ்வளவுதான். வன்னியில் இருந்து ஒரு வருடத்தில் மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். நின்றுகொண்டும் போகத் தேவையில்லை.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதைக் கசப்போடு சொல்வார்கள், வன்னியில் யாரும் சொல்வதே இல்லை. தரப்படுத்தல் என்றால் எங்கள் மூத்த தலைமுறைக்கு நெஞ்சில் நெருப்பு. 1971இல் மருத்துவத்துக்குப் போகத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும். சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதும். அது அநியாயம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு விஷயம். யாழ்ப்பாணத்துக்கு அதனால் இழப்பு. அதே ஒதுக்கீடுதான் வவுனியாவிலும் மன்னாரிலும் விஞ்ஞான ஆய்வுகூடமே ஒழுங்காக இல்லாத பள்ளிக்கூடங்களில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதன்முதலாக வழி திறந்தது. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்கள் ஆனபிறகு அந்த வழி அவற்றுக்கும் வந்தது. தமிழருக்கு நடந்ததை ஒரே வரியில் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சங்கடம் வரும். வரட்டும். நான் அந்த ஒதுக்கீட்டில் உள்ளே போனவன்.

இடம் கிடைத்த செய்தி வந்த கிழமை, யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர் வாழ்த்துச் சொல்ல வந்தார். தேத்தண்ணி குடித்து முடியும் மட்டும் நல்ல கதை. எழும்பும்போது, "உங்கடை மாவட்டத்துக்குக் குறைச்சல்தானே, அதாலை வாய்ச்சுது" என்றார். அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. அவர் சொன்னது கணக்கின்படி சரி. எங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளி யாழ்ப்பாணத்தினதைவிடக் குறைவுதான். ஏன் குறைவு என்பதை அவர் கேட்கவில்லை.

ஒரு சின்ன விஷயம். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதை வைத்துத்தான் மாவட்டத்தை முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்குப் பார்த்து வெளியில் இருந்து வந்து இங்கே சேர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்தப் பிள்ளைகளில் கோபமில்லை. சீருடை இங்கே, படிப்பு வேறெங்கோ என்று கணக்குப் போடுகிற பெரியவர்களில் இருக்கிறது.

இனி, வெட்டுப்புள்ளி ஏன் குறைவு என்ற அந்த 'ஏன்'.

வன்னியில் பள்ளிக்கூடங்கள் நிறைய. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள்தான் குறைவு. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, துணுக்காய்க்கு அங்கால் இருக்கிற பிள்ளை சாதாரணதரத்தில் ஒன்பது ஏ எடுத்தாலும், உயிரியல் படிக்க வேண்டுமென்றால் விடிய முதல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உறவினர் வீட்டில் போய் நிற்க வேண்டும். அங்கே போனாலும் மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் ஒரே நேரத்தில் இருக்கிற வருடம் அருமை. என் காலத்தில் இரசாயனவியலுக்கு ஒருவர் இருந்தார். அவரே இன்னொரு பள்ளிக்கூடத்துக்கும். பௌதிகவியலுக்கு ஆள் வருவார், இடமாற்றம் எடுத்துப் போவார், அடுத்தவர் வர இரண்டு தவணை போய்விடும். 2006 ஓகஸ்டில் முகமாலைச் சோதனைச் சாவடி மூடி ஏ-9 பாதை அறுந்தபிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து ஆசிரியரும் இல்லை, கடந்தகால வினாத்தாள் தொகுப்பும் இல்லை. கையால் பார்த்தெழுதிய வினாத்தாள்களில்தான் படித்தோம். சேதனச் சேர்வைகளின் தாக்கப் பொறிமுறைகளை ஒரு அண்ணை மண்ணெண்ணெய் விளக்கடியில் சொல்லித் தந்தார். அவரும் இரண்டாம் தடவை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்தான்.

போரின் கடைசிக் கட்டமான, 2008 கடைசியில் இருந்து 2009 மே வரையான மாதங்களை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஒன்றுதான். கிளிநொச்சி வைத்தியசாலை சனத்தோடு சேர்ந்து கிழக்கே நகர்ந்தது: தருமபுரம், உடையார்கட்டு, பிறகு புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால். பள்ளிக்கூடக் கட்டடங்களும் கொட்டில்களும் வோட்டுகள் ஆயின. அரச வைத்தியர்களான த.சத்தியமூர்த்தி, து.வரதராஜா, வி.சண்முகராஜா போன்றவர்களை எங்கள் வயதுப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தோம். மயக்க மருந்து இல்லாமல் என்ன செய்ய முடியும் என்பதையும் பார்த்தோம். அந்த வயதில் வன்னியில் வைத்தியராக ஆசைப்பட்டவர்கள் ஏராளம். காரணம் கேட்கத் தேவையில்லை. ஆனால் ஆசைக்கு இசற் புள்ளி இல்லை. அந்த ஆசையோடு இருந்த என் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்குப் பௌதிகவியல் கைகொடுக்கவில்லை. அவர்களில் சிலர் இன்றைக்குத் தாதியர், சிலர் ஆசிரியர். சிலர் இல்லை.

போர் முடிந்தபின் எங்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயர். படித்த தமிழர்களின் பெயர்கள்! அந்த முகாமில்தான் 2009 ஓகஸ்டில் உயர்தரம் எழுதினோம். பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். பாதிப் பேரிடம் அதுவே இல்லை. அந்தப் பெறுபேறு எனக்கு மருத்துவத்துக்குப் போதவில்லை. ஊர் திரும்பியபிறகு, கூரை போடாத வகுப்பறையில் இருந்து படித்து மறுபடி எழுதினேன். கிடைத்தது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு சூம் வகுப்பு வந்து, யாழ்ப்பாணத்துப் பெரிய ரியூசன் ஆசிரியரை முள்ளியவளையில் இருந்தும் கேட்கலாம், சிக்னல் இருந்தால். வீட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் மட்டும் இரண்டு கோடு வரும் என்று ஒரு பிள்ளை சொன்னது. மழைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். குடை இருக்கிறது என்றது.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. வன்னிப் பிள்ளைகளில் அநேகருக்கு அதுதான் கிடைக்கும். சிலருக்கு மட்டக்களப்பு, சிலருக்குத் தெற்கே. எங்கே போனாலும் முதல் அடி ஒன்றுதான்: பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு அடுத்த நாள் ஆங்கிலத்தில் விரிவுரை. உயிரியலில் 'சிறுநீரகத்தி' என்று படித்தது பெயர் மாறி வரும். படம் பார்த்துத்தான் பழைய ஆளென்று அடையாளம் காண்போம். முதல் தவணை முழுக்க நான் குறிப்பெடுத்தது பாதி ஆங்கிலம், பாதி தமிழ், பாதி படம். மூன்று பாதி எப்படி வரும் என்று கேட்காதீர்கள், அந்தக் கொப்பியைப் பார்த்தால் தெரியும். நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் இருந்து வந்தவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் வித்தியாசம் தெரிந்த காலம் இது ஒன்றுதான். இந்த வித்தியாசத்தை மூளையின் வித்தியாசம் என்று நினைத்து ஒடுங்கிப் போகிற பிள்ளைகள் வருடா வருடம் இருக்கிறார்கள். வாய் திறந்து பிழையாக ஆங்கிலம் பேசத் துணிந்தவன் ஒரு வருடத்தில் தேறிவிடுவான். பின்வாங்கில் ஒளிகிறவன் செகண்ட் எம்பி பரீட்சை வரை ஒளிவான். அங்கே ஒளிக்க முடியாது.

முதல் இரண்டு வருடமும் மூன்று பாடம்: உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல். உடற்கூற்று மண்டபத்தின் போர்மலின் மணம் கையில் ஏறினால் சோற்றில் தெரியும். முதல் கிழமை சிலர் சாப்பிட மாட்டார்கள். மூன்றாம் கிழமை அதே மண்டபத்துக்கு வெளியில் நின்று வடை சாப்பிடுவார்கள். எலும்புத் தொகுதி புதிதாக வாங்கத் தேவையில்லை, சீனியர் ஒருவரிடம் இருந்து கைமாறி வரும். என்னிடம் வந்த தொடையெலும்பில் எனக்கு முன்னால் படித்தவர்களின் பென்சில் குறிகள் அடுக்கடுக்காக இருந்தன. யாழ்ப்பாணத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் ராஜினி திராணகம. லிவர்பூலில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு, எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில் திரும்பி வந்தவர். 1989 செப்டெம்பர் 21 அன்று பீடத்தில் வேலை முடித்துச் சைக்கிளில் வீடு போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். உடற்கூற்றியல் படிக்கிற பிள்ளை கைநரம்புகளின் பின்னலோடு அவருடைய பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

செகண்ட் எம்பி என்று நாங்கள் சொல்கிற அந்தப் பரீட்சைதான் முதல் வடிகட்டி. எழுத்து, செய்முறை, விவா. விவாவில் எலும்பை நீட்டி, "இது எந்தப் பக்கத்து எலும்பு?" என்பதில் தொடங்கி, நீங்கள் விழும் வரை கேட்டுக்கொண்டே போவார்கள். விழுவது குற்றமல்ல, எல்லோரும் ஒரு இடத்தில் விழுவோம். எவ்வளவு தூரத்தில் என்பதற்குத்தான் புள்ளி. தவறினால் கீழ் அணியோடு இருந்து மறுபடி எழுத வேண்டும். உயர்தரத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தவறுவது இங்கேதான் நடக்கும். ஊரில் வரவேற்பு வளைவு கட்டியவர்களுக்கு அதைச் சொல்ல முடியாமல் விடுமுறைக்கும் வீட்டுக்குப் போகாமல் விடுதியில் கிடக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தாய் தகப்பன் இதை வாசித்தால் ஒன்றைச் சொல்வேன்: 'எப்ப முடியும்?' என்று பிள்ளையைக் கேட்காதீர்கள்.

மூன்றாம் வருடத்தில் ஸ்தெதஸ்கோப்போடு வோட்டுக்குள் விடுவார்கள். காலையில் யாழ். போதனா வைத்தியசாலை, பின்னேரம் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் விரிவுரைகள். இந்த இடத்தில் கணக்கு மாறும். ஒரு தை மாதம், வன்னியில் இருந்து மாற்றி அனுப்பிய கமக்காரர் ஒருவர்; காய்ச்சல், உடம்பு உளைவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைந்துபோயிற்று. வைத்திய நிபுணர் எங்களைக் கேள்வி கேட்கச் சொன்னார். மற்றவர்கள் புத்தகத்து ஒழுங்கில் கேட்டார்கள். நான், "ஐயா, காலபோக வெட்டுத் தொடங்கியிட்டுதோ? வயலுக்கை தண்ணி நிக்குதோ? காலிலை வெடிப்போ?" என்று கேட்டேன். மனுசனின் முகம் மலர்ந்தது. இரணைமடுத் தண்ணீரில் இருந்து வயலில் எலி பட்டது வரை எல்லாம் வந்தது. எலிக்காய்ச்சல். அது என் கெட்டித்தனம் அல்ல. எங்கள் வீட்டில் வருடா வருடம் கதைக்கிற கதைதான். நோயாளியைக் கேள்வி கேட்டு வரலாறு எடுப்பதுதான் மருத்துவத்தில் பாதி. வயலும் குளமும் தெரிந்த பிள்ளைக்கு அங்கே கை உயரும். மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவன், திறமைப் பட்டியலில் வந்தவன் என்ற கதை வோட்டு வாசலோடு நின்றுபோகும். நோயாளி யாரிடமும் இசற் புள்ளி கேட்பதில்லை.

இறுதி வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, பிள்ளை மருத்துவம், உளமருத்துவம். ஒவ்வொன்றிலும் பேராசிரியர் அலகில் முறை. நித்திரை இல்லை. லோங் கேஸ் என்று ஒரு நோயாளியோடு ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு, பிறகு பரீட்சகர்கள் வருவார்கள். சில நோயாளிகள் இதற்கென்றே வருடா வருடம் வந்து பழகி, "தம்பி, மண்ணீரலைப் பாக்க மறந்திடாதை" என்று மெதுவாகச் சொல்லித் தருவார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு பட்டமளிப்பு விழா வைக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரு நீண்ட காத்திருப்பு. நாட்டில் அந்த வருடம் சித்தியடைந்த எல்லோரையும், வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே ஈஆர்பிஎம் பரீட்சை தாண்டியவர்களையும் நிரல்படுத்தி, அந்த ஒழுங்கில் உள்ளகப் பயிற்சிக்கு வைத்தியசாலை தெரிவார்கள். பிள்ளைகளே, இசற் புள்ளி போனாலும் நிரல் போகாது. ஆறு மாதம் ஒரு பிரிவு, ஆறு மாதம் இன்னொரு பிரிவு. ஹவுஸ் ஒபிசர் என்ற அந்த ஒரு வருடம்தான் ஒருவரை வைத்தியர் ஆக்குவது. ஐந்து வருடம் வாசித்தது எல்லாம் இரவு மூன்று மணிக்கு, தாதி உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, கைக்கு வருகிறதா என்று தெரியும். நல்ல மூத்த தாதி ஒருவர் கிடைத்தால் பிழைத்தீர்கள். நான் அப்படித்தான் பிழைத்தேன்.

வன்னிக்கு வேலைக்கு வந்தால் பாம்பு காத்திருக்கும். அறுவடைக் காலத்தில் புடையன். கடிபட்டவரின் இரத்தத்தைப் புதிய, சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துவிட்டுச் சரித்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது. பிளாஸ்ரிக் குழாயில் வைத்தால் இரத்தம் சரியாக உறையாது, பார்க்கிறவர் ஏமாந்துபோவார். உறையாவிட்டால் இந்தியாவில் இருந்து வருகிற நஞ்சுமுறி மருந்து; அதுவே ஒவ்வாமையில் ஆளை விழுத்தலாம் என்பதால் அட்ரினலின் பக்கத்தில் இருக்க வேண்டும். இதைவிடக் கள்ளப் பாம்பு கட்டுவிரியன். நிலத்தில் பாய் போட்டுப் படுத்த பிள்ளை விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்பும். கடிகாயம் தெரியாது, நோவும் இல்லை. கண்ணிமை விழத் தொடங்கும்போது தெரிந்துகொள்ளாவிட்டால் மூச்சு நிற்கும் வரை வயிற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். வவுனியாப் பக்கம் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய், கமக்காரரிடையே. எங்கள் அப்பாச்சி காலத்தில் வன்னி என்றால் மலேரியா; கடைசி உள்நாட்டு நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் கொடுத்தது. நான் மலேரியாவைக் கண்ணாடித் தகட்டில்தான் பார்த்தேன். புத்தகத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. எங்கள் நோயாளியை எம்ஆர்ஐக்கு அனுப்ப முதல் உடம்பில் ஷெல் துண்டு கிடக்கிறதா என்று கேட்டு, எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். கிடக்கு என்று வெகு சாதாரணமாகச் சொல்வார்கள், ஊசி குத்திய இடம் காட்டுவதுபோல.

இவ்வளவையும் கற்ற வைத்தியர்கள் இங்கே நிற்கிறார்களா? மாங்குளத்திலும் மல்லாவியிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் ஆள் வருவதும் போவதுமாகவே இருக்கிறது. நியமனக் காலம் முடிய இடமாற்றம், பிறகு கொழும்பில் மேற்படிப்பு, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நேராக விமானம். ஒதுக்கீட்டில் போன எங்கள் வன்னிப் பிள்ளைகளும் இதில் விலக்கல்ல.

இந்தக் கவலை பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச சம்பளத்துக்குத் தூரப் போய்விடுகிறார்கள் என்று கண்டு தமிழுக்கு மாறினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்று பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பயிற்றிவிட்டு 1873இல் ஊர் திரும்பினார். யப்பானில் 1972இல் ஜிச்சி என்ற பெயரில் இதற்கென்றே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாகாணத்திலும் பிள்ளைகளை எடுத்து, கட்டணத்தை மாகாணமே கொடுத்து, ஒன்பது வருடம் அந்த மாகாணத்தில், ஊர்ப்பக்கம் உட்பட, வேலை செய்யச் சொல்கிறார்கள். எங்கள் ஒதுக்கீட்டில் அப்படி ஒரு வரிகூட இல்லை. போட்டுக் கட்ட வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கட்டி வைத்த வைத்தியர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

இடமாற்ற விண்ணப்பங்களில் காரணம் எழுதுகிற இடம் ஒன்று உண்டு. என்னோடு வேலை செய்தவர்களில் போக விரும்பிய எவரும் பாம்புக்கோ வெயிலுக்கோ பயந்து போகவில்லை. விடுதியில் தண்ணீர் வராததற்குக்கூடப் போகவில்லை. ஒருவரின் மகனுக்கு ஒன்பது வயது, இன்னொருவரின் மகளுக்குப் பதினொரு வயது. இங்கே என்ன பள்ளிக்கூடம் இருக்கிறது, உயர்தரத்துக்கு யார் படிப்பிப்பது என்பதுதான் எல்லோருடைய காரணமும். கொஞ்ச நேரம் யோசித்துப் பாருங்கள். பௌதிகவியலுக்கு ஆள் இல்லாததால் வெட்டுப்புள்ளி குறைந்தது. குறைந்ததால் நான் உள்ளே போனேன். படித்து வந்த வைத்தியர், பௌதிகவியலுக்கு ஆள் இல்லாததால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார். சுகாதார அமைச்சில் பேசுகிற வைத்தியர் பற்றாக்குறையில் பெரும்பங்கு கல்வித் திணைக்களத்தில் கிடக்கிறது. ஆனால் ஒன்றின் கோவை மற்றதற்குப் போகாது.

போன முறை துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று தகப்பனோடு வந்தது. விருப்பப் பட்டியலில் எந்தப் பீடத்தை முதலில் போடுவது என்று கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்றால் ஒரு பஸ்ஸில் வீட்டுக்கு வரலாம், சாப்பாட்டுச் செலவும் குறைவு. கொழும்பு என்றால் சிங்களமும் வரும், அது பிறகு எங்கே வேலை செய்தாலும் உதவும். இரண்டுக்கும் பாடத்திட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இடம் உறுதியானால் வகுப்புத் தொடங்க மாதக்கணக்கில் இருக்கும், அதற்குள் ஆங்கிலப் பேப்பரைச் சத்தம் போட்டு வாசிக்கப் பழகு என்றேன். மகாபொலப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கத் தவறாதே, புத்தகம் ஒன்றும் இப்போது வாங்காதே, சீனியர்களிடம் வரும்.

தகப்பன் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போன நேரம் பிள்ளை கேட்டது: "அதுவரைக்கும் சும்மா இருக்காமல் ஊர்ப் பிள்ளையளுக்கு பிசிக்ஸ் வகுப்பு எடுக்கிறன். பிழையில்லைத்தானே டொக்டர்?"

பிழையில்லை. எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். பதினாலு பேர். மாதம் எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டேன். சொன்ன தொகை பெற்றோல் காசுக்கும் காணாது. கூட்டி வாங்கச் சொன்னேன். காசில்லாத பிள்ளையிடம் மட்டும் வாங்காதே என்றும் சொன்னேன். அப்படியென்றால் பதினாலு பேரிடமும் வாங்க ஏலாது டொக்டர் என்று சிரித்தது.